பேர் விடாத கல்

வரிசையாகச் சொல்கிறேன். மேடையானாலும் மனுவானாலும் வரிசையாகச் சொல்லியே பழகிவிட்டது. ஒன்று முன்பின்னானால் எதிராளி அந்தச் சந்தில் புகுந்து தப்பிவிடுவான். முதலாவது, எஸ்டேட்காரன் எங்கள் ஓடைக்கரையில் வேலி போட்டான். அப்போது என் அப்பனுக்கு மீசை முளைக்கவில்லை. இரண்டாவது, தினை விதைத்த சரிவில் தைலமரம் நட்டார்கள், ஓடை பாதியாக வற்றியது. மூன்றாவது, மிஞ்சிய ஓடையில் நாங்கள் கல் பொறுக்கக் கூடாதென்று ஆள் வைத்தார்கள். அதே ஓடையில் கல் அள்ள வெளியூர்க் கண்ட்ராக்டருக்கு லாரிப் பாதை போட்டுக் கொடுத்தார்கள். நான்காவது, அதைக் கேட்கப் போன எங்களை அடித்துக் கலைத்தார்கள். என் இடது முழங்கால் அன்றைக்குப் போனது. ஐந்தாவது, அடிவாரத்தில் கல் பட்டறை வந்தது. ஆறாவது, அங்கே வேலை பார்த்த நடுப்பதிக்காரன் ஒருவன் (பதி என்றால் எங்கள் மலைக் குடியிருப்பு, மொத்தம் மூன்று), காரமடையானின் மகன், இருமி இருமிச் செத்தான். ஏழாவது, ஆத்துப்பதியில் கல்யாணம் பேசி வைத்திருந்த பெண் ஒருத்தி அதே மாதிரிச் செத்தாள். எட்டாவது, என் தங்கச்சியின் மூத்த மகள். ஒன்பதாவது, இந்த ஹால்.

கோயமுத்தூரில் அவினாசி சாலை ஓரத்து ஹோட்டல் ஒன்றின் மாடி. கால் புதைகிற கம்பளம். பட்டப்பகலில் ஜன்னல்களையெல்லாம் திரை போட்டு மூடிவிட்டு விளக்கு எரிய விட்டிருக்கிறார்கள். ஏசி காற்று முழங்காலுக்குள் புகுந்து பழைய அடியைத் தடவிப் பார்க்கிறது. முன்வரிசையில் எனக்கு நாற்காலி, நாற்காலிக்கு வெள்ளைச் சட்டை, சட்டைக்குப் பின்னால் நாடா முடிச்சு. நாற்பது வருஷமாக நான் நாற்காலிக்கு எதிரே நின்றுதான் பேசியிருக்கிறேன், உட்காரச் சொன்னவர்கள் குறைவு, அதுவும் துணி போர்த்திய நாற்காலி. மேடையின் பின்னால் பெரிய பலகை. ‘மலைமூச்சு’ என்று கம்பெனியின் பெயர். அந்தப் பெயரை வைத்தவர்களுக்கு இருமல் கிடையாது. அதன் கீழே, ‘பழங்குடி அறத்திலும் ஆன்மிகத்திலும் பிறந்த கைவினைக் கல்நகைகள்’. அதற்கும் கீழே, இன்றைக்கு வெளியிடப் போகிற மாலைக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர். அது என் தங்கச்சி மகளின் பேர். படித்துவிட்டேன். படிக்கத் தெரிந்தவனுக்குக் கண்ணை மூட நேரம் கிடைப்பதில்லை, எழுத்து முந்திக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறது. செத்தவரின் பேரைப் பேர் விடுகிற நாள் வரைக்கும் எங்கள் ஆட்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். ‘போனவள்’ என்பார்கள், ‘பெரியவள்’ என்பார்கள், தாய் ‘எம்புள்ள’ என்பாள். எழுதிப் பார்த்ததில்லை, அதனால் எழுத்துக்கு என்ன விதி என்று யாருக்கும் தெரியாது. பின்வரிசைகளில் உட்கார்ந்திருக்கிற மூன்று பதி ஜனங்களில் பள்ளிக்கூடம் போன பெண்கள் அந்தப் பலகையைப் பார்த்ததும் சட்டென்று கீழே குனிந்ததைப் பார்த்தேன். பெரியவர்கள் ஒன்றும் தெரியாமல் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு அது பூ வேலை.

தங்கச்சி என்ன சொல்வாள். காலையிலிருந்து இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றி வருகிறது, இதன்மேல் வந்து முட்டுகிறது. எங்கள் வழக்கத்தை அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஆள் போனால் ஓடையிலிருந்து ஒரு கல் எடுப்போம். ஓடும் தண்ணீரில் காலை வைத்து உட்கார்ந்து, கல்லைத் தண்ணீருக்குள் பிடித்து, மணல் போட்டுத் துளைப்போம். நாள்கணக்கில் ஆகும். தூசி எழும்பாது, தண்ணீர் தூக்கிக்கொண்டு போய்விடும். கல் துளைத்து இருமினவன் என்று எங்கள் மலையில் ஒருவன் பேரும் கிடையாது. பிறகு மூன்று பதியும் கூட வேண்டும். போனவரின் தாய்மாமன் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். பெற்றவள் அவன் காதில் மட்டும் ஒன்று சொல்வாள்: தன் பிள்ளையை எடுத்தது எது என்று. ஆனையா, தண்ணீரா, காய்ச்சலா, மரமா. அவள் காதில் சொன்னதை அவன் வாய்விட்டுச் சொல்வான். அவனாக ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மூன்று பதியும் தனித்தனியாக ‘கேட்டோம்’ என்று சொல்ல வேண்டும். கேட்ட பிறகுதான் பேர். பேரைச் சத்தமாகச் சொல்லி விட்டுவிட்டால் போனவள் போய்ச் சேர்ந்தாள், கல் மற்றக் கற்களோடு கயிற்றில் ஏறும், அந்தச் சாவைப் பற்றி யாரும் யாரோடும் சண்டை வைக்கக் கூடாது. மழைக்கு முன்னால் போனவளுக்கு மழை முடிந்தும் பேர் விடவில்லை. தொழிலாளர் விசாரணை வரட்டும், அதுவரை பொறு என்று நான்தான் தங்கச்சியிடம் சொல்லி வைத்திருந்தேன். பேர் விட்டுவிட்டால் மூன்று பதியிலிருந்தும் ஒருத்தன் சாட்சிக்கு வரமாட்டான், அவன் கணக்கில் விஷயம் முடிந்தது. விசாரணையும் வரவில்லை. கம்பெனி கூட்டிக்கொண்டு போன டாக்டர் காசநோய் என்று எழுதிக் கொடுத்தார். குடிக்கிற பழக்கம் உண்டா என்று செத்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும் என்று தெரிந்தும் சிரித்தாள். ‘மாமா, இவருகிட்டயும் ஒரு நோட்டீஸ் குடு, படிச்சுத் திருந்தட்டும்’ என்றாள். அதற்கு வந்த இருமல் அடங்க அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. தோள் என்று ஒன்று இல்லை, சட்டைக்குள் எலும்பு.

பட்டறையில் தண்ணீர் கிடையாது. வேறு ஊர்ப் பட்டறைகளில் சாணைச் சக்கரத்தின்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும், நானே போய்ப் பார்த்திருக்கிறேன். இங்கே வைக்கவில்லை. தண்ணீர் பட்டால் கல்லுக்குப் பளபளப்பு வந்துவிடுமாம். ‘மலைமூச்சு’ வாங்குகிறவர்களுக்குப் பளபளப்பு வேண்டாம், ஓடையிலிருந்து இப்போதுதான் பொறுக்கியது போல மங்கலாக, சொரசொரப்பாக வேண்டும். அதனால் நிலாக்கல்லையும் படிகத்தையும் உலர வைத்துத் தேய்ப்பது, உலர வைத்துத் துளைப்பது. பழங்குடி முறை என்று அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள். எங்கள் முறையில் உள்ள ஒரே தண்ணீரை எடுத்துவிட்டு மிச்சத்துக்கு எங்கள் பெயர். சாயங்காலம் பட்டறையிலிருந்து ஏறி வருகிற பெண்கள் மாவு மில்லிலிருந்து வருகிறவர்கள் மாதிரி இருப்பார்கள். புருவத்தில் வெள்ளை, மூக்கில் வெள்ளை. ‘என்னடி, கெழவியாகிட்டு வாரீங்க’ என்று கேலி பேசியிருக்கிறோம். நானும் பேசியிருக்கிறேன், சிரித்திருக்கிறார்கள். பின்னால் இருமல் சத்தம். திரும்பிப் பார்க்காமலே தெரிகிறது அது தும்பி. தங்கச்சியின் சின்னமகள். அக்காள் உட்கார்ந்த சக்கரத்தில் இப்போது அவள்தான் உட்காருகிறாள். கம்பெனியின் மண்நிறச் சேலையில், அதே சேலை கட்டிய மற்றப் பெண்களோடு மேடையின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், விருந்தாளிகள் வரும்போது வணக்கம் சொல்ல. முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு இருமுகிறாள். இருமலுக்கும் ஒரு வயது உண்டு. இளசாக இருக்கும்போது அது தொண்டையில் இருக்கும். பிறகு இறங்கும். இவளுடையது இன்னும் இறங்கவில்லை என்று காலையில் வேனில் நினைத்தேன். இப்போது கேட்கும்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஏசியாக இருக்கலாம். ஏசி என்று இருக்கட்டும்.

திலகேஸ்வரி அம்மாள் பேசிக்கொண்டிருக்கிறார். கம்பெனி அவருடையது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மேடை ஏறியிருக்கிறார், கைத்தறிச் சேலை, கழுத்தில் ஒரே ஒரு மங்கல் கல். ‘எடுப்பதற்கு முன்னால் கேள், கேட்டபின் நன்றி சொல், இதுதான் இந்த மக்கள் எனக்குக் கற்றுக் கொடுத்தது’ என்கிறார். குரல் தழுதழுக்கிறது. நடிப்பு என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம், நடிப்பு இல்லை. பெரியவளின் அடக்கத்துக்கு வந்து ஓடைக்கரைச் சேற்றில் உட்கார்ந்து அழுத அம்மாள்தான். எஸ்டேட்டைவிட நல்ல கூலி கொடுக்கிறவர்தான். நல்லவர்களோடு சண்டை போடுவது மாதிரி அலுப்பு எதிலும் இல்லை. கெட்டவன் அடிப்பான், நாமும் கோஷம் போடலாம். இந்த அம்மாள் போன மாதம் என் குடிசைக்கு வந்து கையில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, ‘நஞ்சன் ஐயா, இத நீங்கதான எழுதுனீங்க? மூணு தடவ படிச்சிட்டேன்’ என்றார். புத்தகம் என்று அவர் சொன்னது என் துண்டுப் பிரசுரம். ‘மலைமக்கள் வழக்கமும் உரிமையும்’, ஸ்டேபிள் அடித்த முப்பத்திரண்டு பக்கம், சந்தை சந்தையாகத் தோளில் சுமந்து போய்க் கூவிக் கொடுத்தது. நான் படித்ததெல்லாம் அந்த மாதிரிப் புத்தகங்கள்தான், எழுதியதும் அதுதான். முட்டை போண்டா கட்டிக் கொடுக்கிற தாளில் அதன் பக்கத்தை நானே பார்த்திருக்கிறேன். எண்ணெய்க்கு நடுவில் என் வாக்கியம். முதலில் இருந்து கடைசி வரை படித்தேன் என்று என் முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் இந்த அம்மாள். நெஞ்சுக்குள் என்னவோ நிமிர்ந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெறுப்பாக இருக்கிறது, இப்போதும் நிமிர்கிறது. அதில் படித்துத்தான் பேர் விடுகிற வழக்கம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ‘பேர் விட்ட பின் பகை இல்லை. எவ்வளவு பெரிய மனசு! அத உலகத்துக்குச் சொல்லணும் ஐயா. நீங்களே வந்து பேர் விடுங்க. மூணு பதிக்கும் வேன் அனுப்பறேன், சாப்பாடு என் பொறுப்பு.’ மாலைக்கு மன்னிப்பு மாலை என்று வைக்கலாமா, அவள் பேரையே வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். வாசலுக்கு வெளியே துரத்த நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அடுப்படியிலிருந்து தங்கச்சி கெம்பி, ‘வர்றோம்னு சொல்லுண்ணா’ என்றாள்.

அந்தப் பிரசுரத்தில் வழக்கம் பாதிதான் இருக்கிறது. அம்மாளுக்கு அது தெரியாது. அச்சுக்குப் போகும் முன் திருத்தித் தந்தவர் பாண்டுரங்கம் தோழர், சிவப்பு மையால் ஒரு பக்கத்தைக் குறுக்கே அடித்தார். ‘நஞ்சா, இது மூடநம்பிக்கை. உரிமை கேக்குற எடத்துல இத வச்சா சிரிப்பாங்க’ என்றார். நானும் சரி தோழர் என்றேன். கடவுள் இல்லை, ஆவி இல்லை என்று சந்தையில் பேசுகிறவன் வேறென்ன சொல்ல. அடித்துப்போட்ட பக்கத்தில் இருந்தது இதுதான். பேர் விட்ட பின் பகை இல்லை, உண்மை. ஆனால் எது எடுத்தது என்று சொன்னோமோ, அதை மூன்று பதியும் அடுத்த தினை அறுப்பு வரைக்கும் தொடக் கூடாது, அதன் பக்கம் போகக் கூடாது, அதனிடம் வாங்கக் கூடாது, அதற்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது. கோபமாக இல்லை. விலகி நிற்பது, அவ்வளவுதான். தங்கச்சி புருஷன் சடையனை ஆனை எடுத்தபோது ஆனைத்தடத்தில் ஒரு வருஷம் யாரும் கால் வைக்கவில்லை. சந்தைக்குப் போக அரைநாள் சுற்றினோம். என் சித்தியை மடு எடுத்தபோது, வாசலுக்கு எதிரே மடு நிறையத் தண்ணீர் கிடக்க, பெண்கள் மலை இறங்கிக் குடம் சுமந்தார்கள். கோடை அது. தாகத்தில் கன்றுக்குட்டிகள் கத்தின, மடுவில் தண்ணீர் பளபளத்துக்கொண்டு கிடந்தது, ஒரு கை போய்த் தொடவில்லை. குடித்துவிட்டுப் பள்ளத்தில் விழுந்த மாதனுக்கு அவன் தாய் சாராயக்கடை எடுத்தது என்று சொல்லிவிட்டாள். மாமன் வாய்விட்டுச் சொன்னான், மூன்று பதியும் கேட்டோம் என்றது, கேட்டோம் என்று சொன்ன வாய்களில் பாதி அப்போதே நாறிக்கொண்டிருந்தன. மறுநாளிலிருந்து ஒருத்தன் போகவில்லை. கடைக்காரன் மலையேறி வந்து, ‘ஏனப்பா, நான் என்ன பண்ணுனேன், கடன் வேணாலும் தர்றேன் வாங்கப்பா’ என்று அழுதான். மது ஒழிப்புக் கூட்டம் போட்டுப் போட்டு எனக்குத் தொண்டை கட்டியதே மிச்சம். ஒரு கிழவி காதில் சொன்ன ஒரு சொல்லில் கடை மூடியது. பட்டறைக்கு முன்னால் நான் எத்தனை முறை கொடி பிடித்திருக்கிறேன். முகக்கவசம் கொடு, தண்ணீர் வை, டாக்டரை மாற்று. உள்ளே போகிற பெண்கள் என்னைத் தாண்டித்தான் போனார்கள். ‘வெயில்ல நிக்காத மாமா’ என்று ஒருத்தி தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அது பெரியவள்தான். ஆமாம், அவள்தான்.

ஆகவே தங்கச்சி என்ன சொல்வாள். பட்டறை என்று ஒரு சொல் சொன்னால் தினை அறுப்பு வரைக்கும் ஒரு பெண்ணும் கீழே இறங்கமாட்டாள். சக்கரம் நிற்கும். காய்ச்சல் என்று சொன்னால் விலகுவதற்கு ஒன்றும் இல்லை, காய்ச்சலை விட்டு யார் விலக முடியும். நாளைக்குக் காலையில் தும்பி சக்கரத்தில் போய் உட்காருவாள். காரமடையானின் பெண்டாட்டி காய்ச்சல் என்றுதான் சொன்னாள். இன்னொரு மகன் அங்கே வேலையில் இருந்தான். ஆத்துப்பதிப் பெண்ணைப் பெற்றவளும் காய்ச்சல் என்றாள். இரண்டு தடவையும் நான் கூட்டத்தில் நின்றேன், என் பதியோடு சேர்ந்து கேட்டோம் என்றேன், தாய் சொன்னபின் கேட்காமலிருக்க யாருக்கும் பாத்தியம் இல்லை. பொய் என்று மூன்று பதிக்கும் தெரியும். அதற்காக அந்தப் பெண்களைக் குறை சொல்ல மாட்டேன். தைலமரத்தடியில் தினை விளையாது. பட்டறைக் கூலி நின்றால் அடுப்பு நிற்கும். அடுத்த தினை என்றால் அது எந்தத் தினை, யார் சரிவில், எத்தனை கைப்பிடி. அது வரைக்கும் கிழங்கு தோண்டலாம், தோண்டினால் காவல்காரன். கெம்பிக்குக் கம்பெனி ஓடு மாற்றிக் கொடுத்திருக்கிறது. இந்த மழைக்கு வீடு ஒழுகவில்லை என்று என்னிடமே சொன்னாள். பட்டறை என்று அவள் சொல்லட்டும் என்று ஆசைப்படுகிறேனே, அது யாருக்காக. பெரியவளுக்காகவா, தும்பிக்காகவா. நாற்பது வருஷம் ஒரு வேலைநிறுத்தம்கூட நடத்த முடியாத நஞ்சனுக்காகவா. மூன்றும் ஒரே கயிற்றில் முறுக்கிக் கிடக்கிறது, பிரித்துப் பார்க்கப் போனால் அறுந்துவிடும் போலிருக்கிறது. அவளிடம் கெஞ்சிக்கூடப் பார்த்துவிட்டேன். வேனில் பக்கத்தில் உட்கார்ந்து, ‘கெம்பி, என்ன சொல்லப் போற’ என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ‘காதுல சொல்றத இப்பவே வாயில கேக்காதண்ணா’ என்றாள். ‘இல்ல, நாஞ் சொல்றதயாவது கேளு’ என்றேன். ‘ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லித்தான உனக்கு இந்தக் கதி. செத்த நேரம் சும்மா வா’ என்றாள். பின்சீட்டில் காரமடையான் கெக்கலித்தான். மகன் போனதிலிருந்து அவனுக்கு என்னைக் கண்டால் ஆகாது. என் கையில் கொடியும் வாயில் பேச்சும் இருந்தும் அவன் மகன் செத்தான், அதுதான் காரணமாக இருக்க வேண்டும். ‘என்ன தலைவரே, முன்னால போலீஸ் வேனு, இப்பக் கம்பெனி வேனு. சீட்டு மெத்துமெத்துன்னு இருக்குதுங்களா?’ என்றான். வேன் முழுக்கச் சிரித்தது. கெம்பி சிரிக்கவில்லை. அவள் வலது கை மடியில் மூடியபடியே இருந்தது. ஓடைக்கல் உள்ளே இருந்தது. கம்பெனி வெல்வெட் தட்டில் வைத்திருக்கிற நிலாக்கல் வேண்டாம் என்று தானே போய்ப் பொறுக்கி, தானே துளைத்தது.

கைதட்டல். என்னத்துக்கு என்று தெரியவில்லை. நிகழ்ச்சி நடத்துகிற பெண் ஒலிபெருக்கியில் என் பேரைச் சொல்கிறாள். ‘நம் மண்ணின் மைந்தர், மூத்த போராளி, திரு. நஞ்சன் ஐயா அவர்கள்.’ போராளி என்கிறாள். எதிரில் நின்று போராடியவர்கள் அதே வார்த்தையைத் தேனில் முக்கி வாயில் ஊட்டுகிறார்கள். எழுந்திருக்கிறேன், முழங்கால் நிமிர மறுக்கிறது, யாரோ கையைப் பிடிக்க வர உதறுகிறேன். படி. மேடை. விளக்கு நேராக முகத்தில் அடிக்கிறது, முன்வரிசையில் பட்டுச் சேலைகளும் கேமராக்களும், அதற்குப் பின்னால் இருட்டில் எங்கள் ஜனம். சத்தத்தை வைத்துத்தான் அவர்கள் இருக்கும் இடம் தெரிகிறது, யாரோ மூக்குறிஞ்சுகிறார்கள், யாரோ ஜூஸ் டப்பாவைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சுகிறார்கள். திலகேஸ்வரி அம்மாள் வெல்வெட் தட்டை நீட்டுகிறார். நான் பார்க்கவில்லை. அவர் சங்கடப்பட்டுத் தட்டை மேசைமேல் வைக்கிறார், ‘உங்க முறைப்படியே செய்யுங்க ஐயா’ என்று மெதுவாகச் சொல்கிறார். மனசாரத்தான் சொல்கிறார். தட்டின் பக்கத்தில் எனக்கென்று ஒரு அட்டை, பெரிய எழுத்தில்: ‘இயற்கையின் மடியில் அமைதி கொண்ட எங்கள் மகளின் பேரை அன்போடு விடுகிறோம்.’ கெம்பி படி ஏறி வருகிறாள். செருப்பில்லாத கால், அவளுக்குக் கழற்ற ஒன்றும் இருந்ததில்லை. தும்பி நிற்கிற வரிசையைத் தாண்டும்போது நின்றாள். நின்று சின்னமகளின் முந்தானையை வாயிலிருந்து எடுத்து, நுனியைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு இடுப்பில் செருகிவிட்டாள், பள்ளிக்கூடம் அனுப்புகிற மாதிரி. தும்பி, ‘ஒண்ணுமில்லம்மா’ என்றாள். அந்தத் துணியில் என்ன இருந்தது என்று எனக்கு இங்கிருந்து தெரியவில்லை. கெம்பி என் எதிரில் வந்து கல்லை என் உள்ளங்கையில் வைத்தாள். சூடாக இருக்கிறது, வழியெல்லாம் அவள் கைக்குள் இருந்த சூடு. நான் அவளைவிட உயரம், குனிகிறேன். வெற்றிலை வாசனை. அப்பன் செத்த அன்று இவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை இறங்கியபோது இந்த வாய் இதே காதில் பசிக்குது அண்ணா என்றது. காய்ச்சல் என்று சொல்லிவிடுவாள். சொல்லட்டும். சொன்னால் சொல்லிவிடுகிறேன், காய்ச்சல் என்று இந்த விளக்கில், இந்தப் பலகைக்குக் கீழே, இந்த வாயால் சொல்லிவிட்டு இறங்கி நடந்து ஊர் போய்ச் சேர்கிறேன், இவளுக்கு ஒழுகாத வீடாவது இருக்கட்டும்.

சொன்னாள்.

நிமிர முடியவில்லை. ‘கெம்பி, தினை அறுப்பு வரைக்கும்’ என்றேன். ‘தெரியும்’ என்றாள். ‘அடுப்பு.’ ‘தெரியும்ணா. நீ கூப்புட்டா இத்தன பேரு வருவாங்களா? அந்தம்மா கூப்புட்டுது, வந்துருக்காங்க. நிமிந்து சொல்லு.’ சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல் இருட்டைப் பார்த்துத் திரும்பி நின்றாள். நிகழ்ச்சிப் பெண் ஒலிபெருக்கியை என் வாயருகே கொண்டு வருகிறாள், கையால் தள்ளினேன். அட்டையைத் தொடவில்லை. சொன்னேன். ‘மேல்பதிச் சடையனுக்கும் கெம்பிக்கும் பொறந்தவ. மூணு பதியும் கேளுங்க. இவள எடுத்தது அடிவாரத்துக் கல் பட்டறை.’ முன்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் கை தட்டத் தொடங்கி, தனியாகத் தட்டுவது தெரிந்து நிறுத்தினார்கள். திலகேஸ்வரி அம்மாளின் கை கழுத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டது. ‘ஐயா, அப்படி இல்லைங்க ஐயா, டாக்டர் வந்து...’ என்றார், பாதியில் விட்டார். நான் அவரைப் பார்க்கவில்லை. இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பானையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எனக்குத் தெரியும், நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தாய் சொன்ன பின் கேட்காமலிருக்கப் பாத்தியம் இல்லை, ஆனால் பாத்தியம் இல்லாததையெல்லாம் பசி செய்ய வைக்கும். ஏசி இரைகிறது. கல் கையில் ஆறத் தொடங்குகிறது. நாற்காலி ஒன்று பின்னால் தள்ளப்படும் சத்தம். காரமடையான்தான், குரல் உடைந்து வந்தது: ‘நடுப்பதி கேட்டோம். என் மகனுக்கும் சேத்துக் கேட்டோம்.’ அப்படிச் சேர்த்துச் சொல்ல வழக்கத்தில் இடமில்லை, யாரும் அவனைத் தடுக்கவில்லை. மேல்பதி எங்கள் பதி, கிழவிகள் முதலில் சொன்னார்கள், பிறகு மற்றவர்கள். மண்நிறச் சேலை வரிசையிலிருந்து தும்பி இருமிக்கொண்டே சொன்னாள், சொல் பாதி இருமல் பாதி. ஆத்துப்பதி மிச்சம். பட்டறையில் பாதிப் பேர் அவர்கள். வரிசையில் நின்ற ஆத்துப்பதிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒருத்தி அழுகிறாள், எதற்கு அழுகிறாள் என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், அது செத்துப்போன பெண்ணின் தாய், காய்ச்சல் என்று சொன்னவள். ‘கேட்டோம்’ என்றாள். மற்றவர்கள் அதன் பின்னால் முணுமுணுப்பாக வந்தார்கள், சந்தோஷம் துளியும் இல்லாத சத்தம். கோஷம் போட்டே பழகிய என் காதுக்கு அதில் வெற்றி என்று ஒன்றும் கேட்கவில்லை. வரப்போகிற மாதங்கள்தான் கேட்டன. கெம்பி என் பக்கம் திரும்பவில்லை. அடிபட்ட காலை ஊன்றி நின்று, கல்லை எல்லோருக்கும் தெரியத் தூக்கி, மழைக்கு முன்னாலிருந்து என் பல்லுக்குப் பின்னால் கிடந்ததை மூன்று பதியும் கேட்கச் சொன்னேன்:

‘மருதி.’